கல்லறையிலிருந்து எடுத்த ரிக்கார்டு

1

என் கொழுந்தன் சவரியைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் வந்திருக்கிறது. கடையில் தனியாக விற்பதில்லை. பெரிய கறுப்பு ரிக்கார்டு ஒன்றின் உறைக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போன வாரம் தபாலில் வந்தது. முழுவதும் ஆங்கிலம். கூலிமில் பாக்டரி வேலை முடிந்து வந்த களைப்போடு என் மகன் ஸ்டீபன் அதை வாசித்துத் தமிழில் சொன்னான். அவன் தமிழில் பாதி மலாய், மீதி ஆங்கிலம். நடுவில் அம்மா என்ற சொல் மட்டும் சுத்தமாக இருக்கும்.

"சித்தப்பாவ லெஜண்டுன்னு போட்டுருக்காங்கம்மா."

"அப்படின்னா?"

"பெரிய ஆளுலா."

"இருபத்திரண்டு வயசுல செத்தவரு எப்படிடா பெரிய ஆளாவாரு?"

"அதனாலதாம்மா ஆயிட்டாரு."

கடைசிப் பக்கத்தில், சவரியும் அவருடைய ரிக்கார்டும் ஒன்றாகப் புதைக்கப்பட்டு, ஐம்பது வருஷம் கழித்து ஒன்றாக வெளியே வந்தார்கள் என்று எழுதியிருக்கிறதாம். ரிக்கார்டு வந்தது உண்மை. சவரி வந்தாரா என்பதை அந்தப் புத்தகத்தில் யாரும் கேட்கவில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சம். ஆனால் எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. நம் ஊர்க் கோயிலின் பங்குப் பத்திரிகையில் இடம் தருகிறேன் என்று அதை நடத்தும் நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

2

நாகப்பட்டினத்தில் கப்பலேறி நான் பினாங்கில் இறங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. என் வீட்டுக்காரர் அந்தோணியைக் கல்யாணத்துக்கு முன் போட்டோவில் மட்டும் பார்த்திருந்தேன். மாமனார் செமிலிங் பக்கத்து எஸ்டேட்டில் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் அவர்தான் ஜெபம் நடத்துவார்.

வந்த மறுநாள் சாயங்காலம் இடி விழுவது போல ஒரு சத்தம். கித்தா என்கிற ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. பயந்து கதவைச் சாத்தினேன். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தது சவரி. என் வீட்டுக்காரருடைய தம்பி.

"என்ன அண்ணி, ஒங்க ஊருல இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில பூந்துக்குவீங்களா?"

"இது இடியா?"

"இது நான்தான். டிரம். அண்ணன் கித்தார். நாளைக்கு வந்து பாருங்க, பயம் போயிரும். இல்லன்னா காது போயிரும்."

கித்தார் வைத்துப் பாடும் இளவட்டக் கூட்டத்துக்கு இங்கே மலாயில் கூகிரான் என்று பெயர். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒன்று இருந்தது. இவர்கள் நாலு பேர். அண்ணன் தம்பி இருவர், பீடோங் கடைக்காரச் சீனர் மகன் ஒருவர், மலாய்ப் பள்ளி வாத்தியார் மகன் ஒருவர். கடைசி இருவரும் இப்போது இல்லை. புகை போடும் இடத்தில் மின்சாரம் இருந்ததால் அங்கே பழகினார்கள். அதனால் ஸ்மோக்ஹவுஸ் ஃபோர் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கித்தா மரத்தில் பால் வெட்டி எடுத்து, குளித்துவிட்டு வந்தால் சவரி அடிக்கும், பாடும். தமிழ்ப் பாட்டில் மலாய் வரும், மலாய்ப் பாட்டில் ஆங்கிலம் வரும். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். புரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தம் கேட்கிற நேரத்தில் மட்டும் எனக்கு அம்மா ஞாபகம் வராது.

3

நான் வந்த வருஷமே பினாங்கில் ஒரு கம்பெனி இவர்களுக்கு ரிக்கார்டு போடச் சம்மதித்தது. ரிக்கார்டின் பெயர் 'பெரட்டு'. விடியுமுன் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதை எஸ்டேட்டில் பெரட்டு என்போம். அதற்கு மணி அடிப்பார்கள். எங்கள் எஸ்டேட்டில் மணி என்பது தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிப்பவர் ஜாகா முனியாண்டி. ஜாகா என்றால் காவல்காரர்.

பினாங்கில் வேறு மணி வைத்து அடித்துப் பார்த்தார்களாம். சவரிக்குப் பிடிக்கவில்லை.

"அந்த மணி கல்யாண வீட்டு மணிண்ணே. நம்ம மணி கேட்டா வயித்தக் கலக்கணும்," என்று சொல்லியிருக்கிறது.

முனியாண்டியிடம் கெஞ்சித் தண்டவாளத்தை வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, பெரி என்கிற படகில் ஏறி பினாங்குக்குக் கொண்டுபோனார்கள். ரிக்கார்டில் முதலில் கேட்பது அந்த இரும்புதான். இரண்டாம் பாட்டில் ஒருவர் இருமுவது கேட்கும். அது தொழிலாளர்களின் வேதனையைக் காட்டுகிறது என்று புத்தகத்தில் இருக்கிறதாம். சவரிக்கு அன்று சளி. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். அதற்கும் பெரிய அர்த்தம் எழுதியிருக்கிறார்கள். நேரம் முடிந்துவிட்டது என்று கம்பெனிக்காரர் மின்சாரத்தை நிறுத்தினார் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்த இடத்தில் மட்டும்தான் சிரிப்பார்.

ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்தது வேறு. அடுத்த நாள் பெரட்டுக்கு முன் தண்டவாளம் பழைய இடத்தில் தொங்க வேண்டும். இல்லாவிட்டால் முனியாண்டிக்கு வேலை போய்விடும். மற்ற மூவரும் சாமான்களோடு தங்கிவிட்டார்கள். சவரி மட்டும் இரும்பைக் கட்டிக்கொண்டு மழையில் மோட்டாரில் திரும்பியது. சுங்கை பட்டாணி தாண்டி ஒரு வளைவில் பின்பாரம் இழுத்து வண்டி சாய்ந்து, எதிரே வந்த பலகை லோரிக்கு அடியில் போய்விட்டது.

மறுநாள் விடியலில் எஸ்டேட்டில் மணி அடிக்கவில்லை. மணி அடிக்காததால்தான் எல்லோரும் எழுந்து வெளியே வந்து என்ன என்று கேட்டார்கள்.

4

அடக்கத்தன்று மாமனார் எல்லார் முன்னாலும் முனியாண்டியைப் பார்த்து, "ஒன் இரும்புதான்டா என் புள்ளையக் கொன்னுச்சு," என்றார். அதற்குப் பிறகு முனியாண்டி மணி அடிக்கவே இல்லை. வேறு ஆளைப் போட்டார்கள். அடுத்த வருஷம் முனியாண்டி செத்துப்போனார்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரே மயானம். ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் இந்துக்கள், நடுவில் ஒரு வாய்க்கால். எங்கள் பக்கத்துக் கடைசிக் குழி சவரியுடையது. தன்னை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முதல் குழியில் வைக்க வேண்டும் என்று முனியாண்டி கேட்டிருந்தாராம். அப்படியே வைத்தார்கள். மாமனார் சாகும்வரை அந்தக் குடும்பத்தோடு பேசவில்லை. எங்களையும் பேச விடவில்லை.

ரிக்கார்டு அச்சாகி வந்தபோது வீட்டுக்கு ஒரு கட்டு அனுப்பினார்கள். மாமனார் அதைக் கொண்டுபோய்ப் புகை போடும் அடுப்பில் போட்டுவிட்டார். கறுப்பாகப் புகை வந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றை மட்டும் ஒளித்து வைத்திருந்தார். முதல் வருஷக் கல்லறைத் திருநாளுக்குச் சிமெண்டுக் கல்லறை கட்டியபோது, அந்த ரிக்கார்டைக் கித்தா ஷீட்டில் சுற்றி, பிளாஸ்டிக்கில் கட்டி, சிமெண்டுக்கு உள்ளே வைத்துப் பூசிவிட்டார். அதோடு கித்தாரையும் விட்டுவிட்டார். ஸ்டீபனுக்குத் தன் அப்பா கித்தார் வாசிப்பார் என்பதே அவனுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

"ஏம்பா சொல்லல?"

"நீ கேக்கலையே."

5

எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள். மயானம் இருக்கும் இடத்தில் வீடுகள் வரப்போகின்றன. சொந்தக்காரர்கள் வந்து எலும்பைத் தோண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. குறித்த தேதி என் வீட்டுக்காரர் டயாலிசிஸ் போகும் நாள். வாரத்தில் மூன்று நாள் அவருக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். தேதியை மாற்றச் சொல்லி நான் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் அடையாள அட்டையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்தும் என் அட்டை சிவப்பு. இந்த நாட்டுப் பிரஜைகளுக்கு நீலம்.

"மக்சிக்கு உரிமை இல்லையே. வாரிசு யாராவது வரணும்," என்றாள் மலாயில். மக்சி என்றால் பெரியம்மா. நல்ல பெண்தான், தண்ணீர் கூடக் கொடுத்தாள். எனக்கு மலாய் கேட்டால் புரியும். கூச்சத்தில் வாயில் வராது. திரும்பி வந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் கெவின் வந்தான். கோலாலம்பூர்ப் பையன், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், காதில் கடுக்கன். பழைய ரிக்கார்டுகளைத் தேடி மறுபடி வெளியிடுவது அவன் வேலை. 'பெரட்டு' என்றால் உலகம் முழுக்க ஆட்கள் தேடுகிறார்களாம். யாரோ கேசட்டில் பிடித்த இரைச்சல் பிரதி ஒன்றுதான் போனில் கிடைக்கிறதாம். நல்ல பிரதி கல்லறைக்குள் இருக்கும் கதையை ஊரில் யாரோ சொல்லக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"தம்பிகிட்ட வெச்சத தம்பிகிட்டயே உடுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"அங்கிள், எப்படியும் தோண்டத்தான போறாங்க? ஒடைஞ்சிரும் அங்கிள். நான் பத்திரமா எடுக்குறேன்."

"அப்பா, நாலு பேரு கேட்டாத்தானே பாட்டு? மண்ணு கேட்டு என்ன செய்யப் போவுது?" என்றான் ஸ்டீபன்.

என் வீட்டுக்காரர் கெவினைப் பார்த்துச் சொன்னார்: "எடு. காப்பி எடுத்துக்க. ஆனா அவன மறுபடி அடக்கம் பண்றப்ப இது அவன் பெட்டிக்குள்ள போவணும். சம்மதமா?"

"ப்ராமிஸ் அங்கிள்."

6

குழி தோண்டும் நாள் காலையில் வெயில் நன்றாக இருந்தது. மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியாக வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் இருந்த குழிகள்தான் மிச்சம். சவரியும் முனியாண்டியும். முனியாண்டிக்கு அவர் மகள் பாக்கியம் வந்திருந்தாள். செமிலிங் சந்தையில் வடை விற்பவள். இத்தனை வருஷத்தில் அவளிடம் வடை வாங்கியிருக்கிறேன், பேசியதில்லை.

குழியிலிருந்து எடுத்ததை ஆளுக்கொரு பலகைப் பெட்டியில் வைத்தார்கள். வேறு நாட்டிலிருந்து வந்த வேலையாட்கள் சாக்பீசால் பெயர் எழுதினார்கள். ஐம்பது வருஷக் களிமண்ணில் முழு எலும்பு ஒன்றும் மிஞ்சவில்லை. தூளும் துண்டும் பல்லுமாக இருந்தது. சவரி கையில் வைத்த மரமணி ஜெபமாலையையும் மண் தின்றுவிட்டது.

அப்போதுதான் உடைத்த சிமெண்டுக்குள்ளிருந்து கெவின் அந்தப் பொட்டலத்தை எடுத்தான். கித்தா ஷீட்டு இறுகித் தோல் மாதிரி ஆகியிருந்தது. கத்தியால் கீறிப் பிரித்தான். உள்ளே உறை மக்கிப் போயிருந்தது. ரிக்கார்டு பளபளவென்று இருந்தது.

"மை காட்! கீறல் கூட இல்ல!"

எல்லோரும் ஓடினார்கள். கெவினோடு வந்த கேமராக்காரர்கள், ஸ்டீபன், காண்டிராக்டர், ஜெபம் சொல்ல வந்த சாமியார் எல்லோரும். வேலையாட்களும் போனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாக்கியமும் எட்டிப் பார்க்கப் போனாள். நான் போகவில்லை. இருபது அடி தள்ளி, பெட்டிகளைப் பார்த்தபடி நின்றேன்.

சொல்லி வைத்தது போல மழை கொட்டியது. வேலையாட்கள் ஓடிவந்து கையில் கிடைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு தார்பாய்க்கு அடியில் ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். என் கால் வேகம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. போய்ப் பார்த்தபோது இரண்டு பெட்டியும் ஈரமாக, ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. பெயர் இல்லை. சாக்பீஸ் கரைந்து பலகையில் வெள்ளையாக ஒழுகியது.

எது யாருடையது என்று கேட்டோம். ஒருவன் மேலே இருப்பதுதான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்றான். இன்னொருவன் இல்லை, கீழே இருப்பது என்றான். அவர்களுக்குள் அவர்கள் மொழியில் சண்டை வந்துவிட்டது. டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்றான் ஸ்டீபன். இவ்வளவு மக்கியதில் ஒன்றும் தெரியாமல் போகலாம், சாயங்காலத்துக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார் காண்டிராக்டர்.

டயாலிசிஸ் முடிந்து என் வீட்டுக்காரர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். கையில் பிளாஸ்டர், கண்ணில் களைப்பு.

"தம்பி எங்க?" என்றார்.

கெவின் சந்தோஷமாக ஓடிப்போய் ரிக்கார்டை நீட்டினான். "இதோ அங்கிள்! சூப்பரா இருக்கு!"

அவர் ரிக்கார்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"சவரி எங்கடா?"

கெவினுக்கு முகம் செத்துவிட்டது. நான்தான் பெட்டிகளைக் காட்டினேன்.

7

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். அவருக்குத் தம்பியை சுங்கை பட்டாணி கல்லறையில், தனக்கு வாங்கி வைத்திருக்கும் குழிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பாக்கியத்துக்குத் தன் அப்பாவை எரித்துச் சாம்பலைக் கோலா கெடாவில் கடலில் கரைக்க வேண்டும். அவள் அண்ணன் சாகும்போது அவளிடம் கேட்ட ஒரே காரியம் அது. மாறிப்போனால் தம்பி கடலில், முனியாண்டி சிலுவைக்கு அடியில்.

பாக்கியம் முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே அவர் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒங்கப்பா எங்கப்பன சாவுற வரைக்கும் மன்னிக்கல. இப்ப பாருங்க. யாரு எவருன்னு ஒங்களாலயும் சொல்ல முடியல, என்னாலயும் சொல்ல முடியல."

"நான் என்னம்மா சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. ரெண்டு பொட்டியையும் பாதி பாதியா பிரிப்போம். ரெண்டுலயும் பாதி ஒங்களுக்கு, பாதி எனக்கு. எங்கப்பன் பாதியாவது கடலுக்குப் போவாரு. ஒங்க தம்பி பாதியாவது ஒங்ககிட்ட இருப்பாரு. முழுசா தொலைக்கிறதுக்கு இது மேல்லா."

ஸ்டீபன் தலையில் கை வைத்துக்கொண்டான். "சாமி, இதெல்லாம் செய்யலாமா?" என்று சாமியாரைக் கேட்டான். சாமியார் வயதானவர். கொஞ்ச நேரம் பெட்டிகளையே பார்த்தார். "நான் ரெண்டு பேருக்கும் ஜெபம் சொல்றேன்," என்றார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

"யாரு பிரிக்கிறது?" என்றான் ஸ்டீபன்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். "அக்காதான். நான் பிரிச்சா எங்கப்பன் மேல ஆசையில கை கோணும். அண்ணன் பிரிச்சாலும் அப்படித்தான். அக்கா கடலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்தவங்க. ரெண்டு பேருக்கும் ரத்தச் சொந்தம் இல்ல. அவங்க கைதான் நேராப் போவும்."

இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து நான் வெளியாள் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒரு காரியத்துக்கு ஆகும் என்று சொன்னது அவள்தான்.

இன்னும் இரண்டு பெட்டி கொண்டுவந்தார்கள். தார்பாயின் மேல் உட்கார்ந்தேன். கையுறை கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். ஒரு கைப்பிடி இந்தப் பக்கம், ஒரு கைப்பிடி அந்தப் பக்கம். பெரிய துண்டுகளை ஜோடி பார்த்து வைத்தேன். ஈரமும் மண்ணுமாக இருந்தது. பற்களைப் பிரிக்கும்போது மட்டும் கை நின்றது. கட்டிலுக்கு அடியில் பூந்துக்குவீங்களா என்று கேட்ட வாய் இதில் எது என்று நினைத்துவிட்டேன். பாக்கியம் என் முதுகில் கை வைத்தாள். பிறகு முடித்தேன்.

கெவின் ரிக்கார்டை எடுத்துக்கொண்டு மெதுவாக வந்தான். அழுதிருந்தான். "அங்கிள், காப்பி எடுத்துட்டு உடனே கொண்டாந்துர்றேன். ப்ராமிஸ் பண்ணேன்ல. பெட்டிக்குள்ள..."

"எந்தப் பெட்டியில வெப்ப?" என்றார் என் வீட்டுக்காரர். குரலில் கோபம் இல்லை. "நீயே வெச்சுக்க."

8

பாதியை சுங்கை பட்டாணியில் அடக்கம் செய்தோம். கல்லில் இரண்டு பேர் பெயரும் போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சிலுவைக்குக் கீழே முனியாண்டி என்று வெட்ட கல்வெட்டுக்காரர் யோசித்தார். பிறகு வெட்டிக் கொடுத்தார். பாக்கியம் மறுபாதியை எரித்து, கோலா கெடாவில் படகு பிடித்துப் போய்க் கரைத்தாள். எங்களையும் கூப்பிட்டாள். அன்றைக்கும் அவருக்கு டயாலிசிஸ், போக முடியவில்லை.

புது ரிக்கார்டு வந்ததும் ஸ்டீபன் போனில் அதே பாட்டைப் போட்டுக் காட்டினான். தண்டவாளத்தை அடிக்கும் சத்தம் வந்தது. இரைச்சல் இல்லாமல், பக்கத்தில் நின்று அடிப்பது போல. என் வீட்டுக்காரர் பழக்கத்தில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பெரட்டுக்குப் போகிறவர் மாதிரி. பிறகு உட்கார்ந்துகொண்டு, "நிப்பாட்டு," என்றார்.

இந்த வருஷக் கல்லறைத் திருநாளில் காலையில் சுங்கை பட்டாணியில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு, மத்தியானம் கோலா கெடாவுக்குப் போனோம். ஸ்டீபன் காரில் விட்டுவிட்டு, மீன் மார்க்கெட் பக்கம் வண்டி நிறுத்தப் போனான். லங்காவிக்குப் போகும் பெரிக்காக ஜனங்கள் பைகளோடு நின்றார்கள். நாங்கள் ஓரமாக, ஆற்று வாயைப் பார்த்து நின்றோம். காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. நாலு தரம் கொளுத்திப் பார்த்துவிட்டு அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மேரி, எனக்கும் அப்படியே செஞ்சிரு," என்றார்.

"எப்படி?"

"பாதி அங்க, பாதி இங்க. அவன் எந்தப் பக்கம் இருந்தாலும் நான் இருக்கணும்."

சாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார். சாம்பலைத் தண்ணீரில் விடக் கூடாது என்பது நம் சபை ஒழுங்கு. ஸ்டீபன் கேட்டால், உங்களுக்கெல்லாம் மூளை குழம்பிவிட்டது என்பான். இதையெல்லாம் அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். ஐம்பது வருஷத்தில் அவர் என்னிடம் தனக்கென்று கேட்டது வேறு எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"பிரிக்க நான் இருக்கணுமே," என்றேன்.

"இருப்ப. நீதான் இருக்கணும். வேற யாரு கையும் நேராப் போவாது."

சரி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் சர்க்கரை மாத்திரையை ஒரு வேளை கூட நான் விடுவதில்லை.